இன்னொரு கை

குழந்தை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எஸ்கலேட்டரில் வந்தாள். ஒரு கை அம்மாவின் பிடியில் இருந்தது. இன்னொரு கை, யாரோ பிடித்திருப்பது போல, காற்றில் உயர்ந்து நின்றது. ஏதோ விளையாட்டு என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஆனால் மேல் தளத்தில் கால் வைக்கும்போது குழந்தை அந்தப் பக்கம் திரும்பி, "பாத்து எறங்குங்க" என்றாள்.

அம்மாவுக்கு அன்று வேறு கவலை. போன வாரம் பள்ளி வாசலில், தன் மகள் என்று நினைத்து வேறொரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பாதித் தெரு வரை நடந்துவிட்டாள். அது ஓவென்று அழுத பிறகுதான் தெரிந்தது. "நம்ம பொண்ண யாராவது மாத்தி வச்சாகூட உனக்குத் தெரியாது போல" என்று கணவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத கண் என்ன கண் என்ற பயம் அன்றிலிருந்து அவளை விடவில்லை.

முதலில் போன மாலில் மூக்குக்கண்ணாடிக் கடையைக் காலி செய்துவிட்டார்கள். இது இரண்டாவது மால். செருப்புக் கடைக்காரர் கைகாட்டிய நடைபாதையில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மேலே ஏசி உறுமியது, நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தது, கோடியில் ஒரு டியூப்லைட் எரிவதா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. எந்தப் பலகையும் அவள் கண்ணுக்குத் தெளியவில்லை.

"இந்தப் பக்கம்மா" என்று குழந்தை இழுத்தாள். இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"சொன்னாங்க."

கடை அங்கேதான் இருந்தது.

கண் பரிசோதிக்கும் பெண் கலகலப்பானவள். அவளுடைய அறை அலமாரி அளவுக்குத்தான் இருந்தது. அதனால் எழுத்து அட்டையை நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தாள். அட்டையைக் கண்ணாடிக்குள் பார்த்துத்தான் படிக்க வேண்டும். அட்டைக்குக் கீழே ஒரு ஸ்டூலில் குழந்தை உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. கனமான சோதனை ஃபிரேம் அம்மாவின் மூக்கை அழுத்தியது.

"இதுல நல்லா தெரியுதா, இல்ல... இதுலயாக்கா?"

"ரெண்டாவது."

எழுத்துகள் கொஞ்சம் தெளிந்தன. குழந்தையின் மஞ்சள் கவுனும் தெளிந்தது. பக்கத்தில், ஆணியில் மாட்டிய கோட்டு போல, ஏதோ கறுப்பாக இருந்தது.

"இப்ப?"

கறுப்புக்குத் தோள்கள் இருந்தன.

"இப்ப?"

விரல்கள். நீளமானவை. குழந்தையின் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன.

அம்மா வெடுக்கென்று திரும்பினாள். ஸ்டூலில் குழந்தை மட்டும். ஒரு கை மட்டும் காற்றில் உயர்ந்திருந்தது.

"தலைய ஆட்டாதீங்கக்கா."

"அங்க... யாராவது நிக்கிறாங்களாம்மா?"

"உங்க பாப்பா மட்டும்தான். இந்தக் கடைசி லென்ஸையும் பாத்துருவோம். இதுல பளிச்சுன்னு தெரியும்."

நிலைக்கண்ணாடிக்குள் அந்தக் கறுப்பு உருவத்தின் குனிந்த தலை மெல்ல நிமிரத் தொடங்கியிருந்தது. அடுத்த லென்ஸ் விழுந்தால் முகம் தெரிந்துவிடும்.

"வேணாம்! மொதல்ல போட்டதே நல்லாருக்கு."

"அது பவர் பத்தாதுக்கா. நெஜமாவா சொல்றீங்க?"

"அதுதான். அதுவே போதும்."

அவள் பார்க்க விரும்பவில்லை. அவ்வளவுதான்.

லென்ஸை உடனே வெட்டி மாட்டிக் கொடுத்தார்கள். புதுக் கண்ணாடிக்குள் உலகம் பழையபடி கலங்கலாகவே இருந்தது. இந்தக் கலங்கலுக்குள் எதுவும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். மகளின் இன்னொரு கைப் பக்கம் பார்க்கவே இல்லை. படம் விட்டுத் திபுதிபுவென்று வந்த கூட்டம் இருவரையும் நெருக்கியது. ஒரு நொடி கை நழுவியது. அலறியடித்துத் துழாவினாள். கிடைத்துவிட்டது. உயிர் வந்தது.

"விடவே மாட்டேன்டி, செல்லம்."

எஸ்கலேட்டரின் மேல் முனையில் நின்றாள்.

"அம்மா!"

குரல் கீழேயிருந்து வந்தது.

எஸ்கலேட்டரின் அடியில், கலங்கலாக, ஒரு மஞ்சள் கவுன். மகளா? மஞ்சள் கவுன் போட்ட வேறு யாரோவா? தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினாள். தெரியவில்லை. அது இரண்டு கைகளையும் அவளை நோக்கித் தூக்கியது. இரண்டும் வெறுங்கை.

"அம்மா, நான் இங்க இருக்கேன்!"

அவள் குனிந்து பார்க்கவில்லை. உள்ளங்கைக்குள் இருந்தது சில்லென்று இருந்தது. ஒவ்வொரு விரலாக நகர்ந்து, அவள் மணிக்கட்டைச் சுற்றியது. சுற்றி முடித்த பிறகும் விரல் மிச்சமிருந்தது.