ஒன்று குறைகிறது

இந்தக் காலத்தில் மனிதர்கள் எதையும் எண்ணாமல் விடுவதில்லை. நடந்தால் எத்தனை அடி, தூங்கினால் எத்தனை மணி, நெஞ்சு எத்தனை தடவை துடித்தது, பெற்ற பிள்ளையின் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள். எண்ணி முடித்து அதை ஊருக்கெல்லாம் வேறு காட்டுகிறார்கள். வெட்கமே கிடையாது. அந்தக் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நின்ற தடித்த கழுத்துக்காரன்கூட, கைக்குள் அடங்கும் இரும்புக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளே நுழைகிற, வெளியே வருகிற ஒவ்வொருவருக்கும் கட்டைவிரலால் 'டிக்' என்று ஒரு தட்டுத் தட்டினான்.

"என்னை எதுக்குய்யா எண்ணுற? நான் என்ன சந்தை மாடா?" என்றார் செலிக் ராட்ஸ்டைன்.

"யூதக் கட்டடம் பெரியவரே. உள்ள போனவங்க அத்தனை பேரும் வெளிய வந்தாங்களான்னு பார்க்கணும். உங்க பாதுகாப்புக்குத்தான்."

"எண்ணினவன் எவன் எங்களைக் காப்பாத்தினான்?" என்று முணுமுணுத்தபடி செலிக் மாடி ஏறினார்.

எண்பத்தெட்டு வயது. பிரஸ்ஸல்ஸில் அறுபது வருஷம் தோல் கைப்பை தைத்தவர். எட்டு வயதோடு பள்ளிக்கூடம் நின்றது. காகிதத்தையும் அலுவலகத்தையும் கடைசிவரை நம்பாதவர். இன்றைக்கு வந்ததுகூடப் போன மாதம் அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி பெரெக் செத்துப்போனதால்தான். பிள்ளை குட்டி இல்லாத ஆள். வீட்டுக்காரன் சாமானையெல்லாம் சாக்கில் கட்டி நடைபாதையில் வைத்தான். மழையில் ஊறிய பழைய படம் ஒன்றில் பெரெக்கின் அம்மாவைச் செலிக் தன் கண்ணால் பார்த்தார். கல்யாணக் கோலத்தில், முகம் கரைந்து, சாக்கடைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள். செலிக்குக்கும் பிள்ளை இல்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு படம்.

மேலே சின்ன அறை. பழைய ஃபிலிம் சுருள்களிலிருந்து வரும் புளித்த காடி வாடை. சுவரோரம் வெந்நீர்க் குழாய் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல டொக் டொக் என்றது. டிசம்பர் மாதம், மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னல் கறுத்துவிட்டது.

"உட்காருங்க செலிக் ஐயா, காபி தரட்டுமா?" என்றாள் நோயெமி. பழைய யூதக் குடும்பங்களின் படங்களையும் கடிதங்களையும் நகல் எடுத்துப் பாதுகாப்பது அவள் வேலை.

"காபி கிடக்கட்டும். படத்தை நீ வெச்சுக்க மாட்டியே?"

"நகல் எடுத்துட்டு உங்க கையிலயே கொடுத்துடுவேன். வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனதைத்தான் எவனும் திருப்பித் தரல."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கோட்டுக்குள்ளிருந்து இரண்டு தோல் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தைத்திருந்த படத்தைப் பிரித்து எடுத்தார். அப்பா ஷ்முல் நிற்கிறார், அவர் முன்னால் தங்கை டோபா. நாற்காலியில் அம்மா ஃபெய்கா, இரண்டு கையாலும் அணைத்தபடி மடியில் கைக்குழந்தை நுசன். அம்மாவின் தோளோடு தோளாக ஒட்டிக்கொண்டு அக்கா பெர்லா. நடுவே ஒரு தாள் நுழைய இடமில்லை. நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்ட், ஜெர்மன்காரர்கள் யூதர்களைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம். மூன்று வாரம் முன்பே செலிக்கை மட்டும் மலைப்பக்கம் ஒரு பண்ணைக்கு ஒளிய அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு அனுப்புவதற்காகவே எடுத்த படம். பின்பக்கம் அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'எல்லாரும் நல்லா இருக்கோம். நீ ஒருத்தன்தான் குறை.'

நோயெமி பெயர்களை எழுதிக்கொண்டாள். படத்தை நகலெடுக்கும் கருவியின் கண்ணாடியில் கவிழ்த்து மூடினாள். வெள்ளை வெளிச்சம் ஒன்று மூடிக்கு அடியில் மெதுவாக ஊர்ந்தது. திரையில் படம் பெரிதாக வந்தது.

"அம்மாவுக்கும் அக்காவுக்கும் நடுவுல ஏன் இடம் விட்டிருக்காங்க?" என்றாள்.

"அங்க ஏது இடம்?"

பார்த்தார். இருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு. இடைவெளி வழியாகப் பின்திரையில் தீட்டிய தோட்டம் தெரிந்தது. எண்பது வருஷமாகப் பார்த்த படத்தில் அவர் பார்த்தே இராத ஒரு இலை.

"உன் மெஷின் இழுத்து நீட்டுது," என்றார். மெஷின்கள் செய்யும்.

"இருக்கட்டும். படத்துல எத்தனை பேர்? படிவத்துல அந்தக் கட்டத்தை நிரப்பாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக விடாது."

"நாங்க ஆளை எண்ணுறதில்ல. உங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

"எங்க பாட்டி சொல்வாங்க, 'ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல'ன்னு. அதெல்லாம் அந்தக் காலம் ஐயா."

அந்தக் காலம்தான். ராத்திரி விளக்கை அணைக்கும் முன்னால் அம்மா ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வருவாள். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல. எண்ணாத பிள்ளையைக் கெட்ட கண் தேடிக் கண்டுபிடிக்காது என்பாள். அவர்களை எண்ணியது ஒரே ஒரு தடவை, திரும்பி வராத இடத்துக்குக் கொண்டுபோன அன்றைக்கு. சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசல்காரி செலிக்கிடம் சொன்னாள். ஜெர்மன் சிப்பாய் தெருக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எண்ணி வெளியே விட்டானாம். ஐந்தோடு நின்றுவிட்டது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தானாம். கோபமில்லாமல், ஏதோ கடையில் சரக்கு சரிபார்க்கிறவன்போல, 'ஒண்ணு குறையுது' என்றானாம்.

"இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடறேன்," என்றாள் நோயெமி.

மறுபடி அந்த வெளிச்சம். குழாய்த் தட்டல் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. காடி வாடைக்கு அடியிலிருந்து வேறொரு வாடை எழுந்தது. ஈர வைக்கோல். பண்ணையில் அவர் இரண்டு வருஷம் மூச்சை அடக்கிப் படுத்திருந்த பரண்.

திரையில் இடைவெளி பெரிதாகியிருந்தது. ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு. குழந்தையை அணைத்திருந்த அம்மாவின் கைகளில் ஒன்று கீழே இறங்கி, அந்த இடத்தில் தொங்கியது. விரல்கள் மடங்கியிருந்தன. எதையோ பிடித்துக்கொள்ள.

நோயெமியின் முகம் வெளுத்தது. அவளும் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, பயந்தவர்கள் செய்வதைத்தான் செய்தாள், வேலையைப் பிடித்துக்கொண்டாள். "எண்ணிக்கை... எண்ணிக்கை மட்டும் சொல்லிடுங்க ஐயா. குடும்பத்துல மொத்தம் எத்தனை பேர்?"

கோபம் வந்தது அவருக்கு. பயம் வந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். எழுந்து திரையில் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகக் குத்தினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. போதுமா?" அவர் விரல் அந்த இடைவெளியில் போய் நின்றது. "நான் ஆறு!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. 'இல்லை' போடவில்லை.

கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் தானாக ஊர்ந்தது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை. நின்றது.

திரையில் நாற்காலி. தீட்டிய தோட்டம். வேறு யாரும் இல்லை.

நோயெமி மூடியைத் தூக்கிப் படத்தைத் திருப்பினாள். அதிலும் நாற்காலி மட்டும்.

"ஐயா, நான் ஒண்ணும் பண்ணல... சத்தியமா..."

"அழிச்சுட்டீங்க. உங்க வெளிச்சம் தின்னுடுச்சு. எனக்குத் தெரியும், நான் வந்திருக்கவே கூடாது."

"பின்னால எழுத்து இருக்கு, பாருங்க, எழுத்து அப்படியே—"

அவர் பார்க்கவில்லை. படத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை. வெறும் நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கைப்பிடியைப் பற்றிப் படியில் இறங்கினார். ஒவ்வொரு படியாக. எண்ணாமல். பின்னால் மேல்படியில் ஒரு காலடி விழுந்தது. குதிகாலில் லாடம் அடித்த செருப்பு. அப்பாவுடையது அப்படித்தான் ஒலிக்கும். அந்தப் பெண்தான் பின்னால் வருகிறாள் என்று சொல்லிக்கொண்டார். திரும்பவில்லை.

காவல்காரன் கதவைத் திறந்து பிடித்தான். "போய்ட்டு வரேன்," என்றார் செலிக். அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கருவியில் கட்டைவிரல் அசையவில்லை.

குளிர் முகத்தில் அறைந்தது. நடைபாதையில் நாலு எட்டு வைத்திருப்பார்.

டிக். லாடச் செருப்பு.

டிக். மெல்ல இழுத்து நடக்கும் கால்.

டிக். டிக். இரண்டு ஜோடிச் சின்னக் கால்கள், ஓடிப் பிடிக்கிற மாதிரி.

டிக். இதற்குக் காலடி இல்லை. தூக்கிக்கொண்டு வந்தால் காலடி கேட்காது.

"மெஷின் கோளாறு," என்றார் செலிக் உரக்க. "எல்லா மெஷினும் கோளாறு."

"ஒண்ணு குறையுது," என்றான் பின்னால் காவல்காரன். கோபமே இல்லாத குரல்.

எதிரே டிராம் நிறுத்தத்தின் கண்ணாடி இருட்டில் பளபளத்தது. திறந்த கதவு அதில் தெரிந்தது. உயர்த்திய கட்டைவிரலோடு காவல்காரன். அவன் முன்னால் வரிசையாக ஐந்து பேர், கேமராவைப் பார்ப்பதுபோல அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டு. அம்மாவுக்கும் பெர்லாவுக்கும் நடுவே ஒரு பிள்ளை நிற்கும் இடம். மடங்கிய விரல்கள்.

கண்ணாடியில் ஆயிரம் தெரியும் என்று செலிக் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். நம்பவில்லை. திரும்பாமல் நடந்தார். அவர் நடக்க நடக்க, கண்ணாடிகளில் எல்லாம் அந்தக் கட்டைவிரல் இறங்காமல் காத்திருந்தது.