முன் இருக்கை

ரகுநாத்துக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அவன் ஏறியிருந்தது இரண்டு பேர் அமரும் கயாக், ஒடுங்கிய துடுப்புப் படகு. பின் இருக்கையில் அவன். முன் இருக்கை காலி. அப்படியிருந்தால் பின்பக்கம் அமிழ்ந்து, படகின் மூக்கு நீரைவிட்டு மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். தராசின் ஒரு தட்டில் மட்டும் எடைக்கல் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான். ஆனால் மூக்கு தூக்கவில்லை. படகு மட்டமாக நின்றது.

உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்தான். கரைக்கு இழுத்து, மூக்கருகே இருந்த அடைப்பைத் திருகி எடுத்துவிட்டுக் கவிழ்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. மறுபடி நீரில் விட்டு ஏறினான். மறுபடியும் மட்டம்.

"என்ன தம்பி, படகக் குளிப்பாட்டுறீங்களா?" லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மூக்காயி கேட்டாள். படகுத்துறையில் அவளுக்கு அதுதான் வேலை. "ஒத்தையில போறதுன்னா முன்னாடி ஒரு கல்லத் தூக்கி வைங்க. காலி எடத்தோட எங்க ஆளுங்க காட்டுக்குள்ள போக மாட்டாங்க."

"அது பேலன்ஸுக்கு வைக்கிறது அக்கா. முன்னாடி பாரம் இருந்தா காத்துல மூக்கு திரும்பாது. அத விட்டுட்டு ஆளாளுக்கு ஒரு கதை."

"அப்ப பேலன்ஸுக்காச்சும் வைங்களேன்."

அவன் வைக்கவில்லை. கல்லை வைத்தால் அவள் பேச்சுக்குத் தலையாட்டியதாக ஆகிவிடும்.

அலையாத்திக் காட்டுக்குள் மாட்டியிருந்தவர் உதயசூரியன், அரிமளத்தில் உரக்கடை வைத்திருப்பவர். மாலைச் சுற்றில் ரகுநாத் கூட்டிப்போன சுற்றுலாப் படகு வரிசையை விட்டுப் பிரிந்து, தன்னைத்தானே படம் பிடித்தபடி எங்கோ ஒதுங்கிவிட்டார். "இதெல்லாம் ஒரு வேலையா தம்பி? துடுப்ப இங்கிட்டும் அங்கிட்டும் போடுறதுதான?" என்று கேட்ட அதே வாய், இப்போது போனில் அழுதது. கடல் உள்வாங்கித் தண்ணீர் வற்றி, அவருடைய சின்னக் கயாக் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. பொழுது அடைவதற்குள் கால்வாயும் வற்றிவிடும். பிறகு எந்தப் படகும் உள்ளே போகாது. நடந்து வரலாம் என்று இறங்கினால் சேறு ஆளை விழுங்கும். அதற்குள் அவரை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும்.

அலையாத்தி மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவந்து தலைக்கு மேல் கோத்துக்கொண்டதும், மீமிசல் சாலையின் பஸ் ஹாரன் அறுந்துபோய், சேற்றிலிருந்து விரல்கள்போல நீட்டி நின்ற மூச்சுவேர்களுக்கிடையே சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. காற்றுப் புகாத சேற்றில் இலை மக்கினால் அப்படித்தான் நாறும். இதைப் பேயின் மூச்சு என்று சொல்கிறவர்களை நினைத்து அவன் சிரித்துக்கொண்டான்.

டக்.

அவன் துடுப்பு எதிலோ இடித்தது. கிளையாக இருக்கும். நிமிர்ந்து பார்த்தான். கைக்கெட்டும் தூரத்தில் கிளையே இல்லை.

மறுபடி துடுப்பை வலித்தான். டக். நீருக்குள் அல்ல, காற்றில். முன் இருக்கைக்குப் பக்கவாட்டில். இரண்டு பேர் வெவ்வேறு தாளத்தில் வலித்தால் துடுப்போடு துடுப்பு மோதுமே, அந்தச் சத்தம்.

கை நின்றது. படகு நிற்கவில்லை.

முன்தளத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இடப்பக்கம். கொஞ்சம் பொறுத்து, வலப்பக்கம் ஒன்று. துடுப்பைத் தூக்கி மாற்றும்போது அதன் தட்டையான நுனியிலிருந்து வடியும் நீர் அப்படித்தான் விழும். மேலே இலைகள் காய்ந்திருந்தன. அவன் முதுகு சில்லிட்டது. அதற்குக் காரணம் தேடினான். வியர்வை, காற்று, ஏதோ ஒன்று. கிடைத்த எதையும் அவனாலேயே நம்ப முடியவில்லை.

"தம்பீ! இங்கிட்டு!"

வளைவில் உதயசூரியன். தொடைவரை சேறு, கையில் போன், முகமெல்லாம் கண்ணீர். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் ரகுநாத்துக்குத் தெம்பு வந்தது. இப்படி ஓர் ஆளுக்கு முன்னால் பயப்படுவதாவது!

"ஏறுங்க சார். முன்னாடி."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தார். சுட்டதுபோல எடுத்துவிட்டார்.

"எடம் இல்லப்பா."

"காலியாத்தான சார் கெடக்கு?"

"யாரோ காலு நீட்டியிருக்காப்ல இருக்குப்பா. சில்லுன்னு. நான் மாட்டேன்."

ரகுநாத் முன் இருக்கையைப் பார்த்தான். துடுப்பு மோதியதைச் சொல்லலாம். சொட்டு விழுந்ததைச் சொல்லலாம். யாரிடம்? இந்த அழுமூஞ்சியிடமா? நாளைக்கே அரிமளம் முழுக்க, கைடும் நடுங்கினான் என்று சொல்லிச் சிரிப்பார்.

"ஒரம் விக்கிற ஆளு, சேத்தப் பாத்து அழுவுறீங்க. நீங்க பின்னாடி ஒக்காருங்க. முன்னாடி நான் ஒக்காந்து காட்டுறேன், போதுமா?"

இறங்கினான். முழங்கால்வரை புதைந்தது. அவரைத் தூக்கிப் பின் இருக்கையில் தள்ளினான். துடுப்பை அவர் மடியில் போட்டான். படகின் விளிம்பைப் பிடித்தபடி முன்னால் போக ஒரு கால் எடுத்தான். கால் வரவில்லை. விளிம்பு விரல்களிலிருந்து உருவிக்கொண்டது.

"சார், துடுப்பப் போடாதீங்க! நிறுத்துங்க!"

"நான் போடலப்பா!"

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். துடுப்பு மடியிலேயே கிடந்தது.

முன் இருக்கைக்கு இடப்பக்கம் நீர் குழிந்தது. மூடியது. வலப்பக்கம் குழிந்தது. மூடியது. கடலை நோக்கி வற்றி ஓடும் தண்ணீரை எதிர்த்து, துறை இருக்கும் பக்கம் அல்ல, காட்டின் உள்ளே போனது படகு. உதயசூரியன் திரும்பிப் பார்த்துக் கத்திக்கொண்டே போனார். பிறகு முன்னால் பார்த்தார். கத்தல் நின்றது.

ரகுநாத் தொடைவரை சேற்றில் நின்று படகையே பார்த்தான். மூக்கு தூக்கவில்லை. மட்டமாக, கோடு போட்டதுபோலப் போனது. இருவர் அமரும் கயாக் அப்படிப் போவதற்கு இரண்டு இருக்கையிலும் ஆள் வேண்டும். இரண்டிலும் ஆள் இருந்தது.