முரசுத் தோல்

எல்லோரும் கொடுத்து முடித்த பிறகும் வழிகாட்டி அம்மாள் மூங்கில் கூடையை ரெனிட்டாவின் முன்னால் நீட்டியபடியே நின்றாள்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு வாரப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு வந்திருந்த ஆறு பேர் அவர்கள். மறுநாள் விடிகாலை விமானம். கடைசி நாள் சும்மா போகவேண்டாமென்று, சரக்கு வாங்கும் ஜப்பான் கம்பெனியே ஒரு புனிதத் தீவுக்கு ஒருநாள் பயணம் ஏற்பாடு செய்திருந்தது. படகிலிருந்து இறங்கியதும் துறையிலேயே நிறுத்திவிட்டார்கள். வழிகாட்டி அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. அவள் கழுத்தில் தொங்கிய கைபேசியிடம் மெதுவாக ஏதோ சொல்ல, அது யாரோ பாடப்புத்தகம் வாசிப்பதுபோலத் தமிழில் சொன்னது.

"இறந்த தோல் தீவுக்குள் செல்லாது. தயவுசெய்து கழற்றவும்."

ப்ரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டராமன் சார் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முப்பது வருஷமா நாம மாட்டை உரிச்சோம், இன்னிக்கு நம்மளை உரிக்கிறாங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஷூக்கள், பர்ஸ்கள், டிசைன் செக்‌ஷன் அஃப்ஷாவின் கைப்பை எல்லாம் கூடைக்குள் போயின. ஆளுக்கொரு ஜோடி வைக்கோல் செருப்பு கொடுத்தார்கள்.

ரெனிட்டாவின் ஷூவும் கூடையில்தான் இருந்தது. பெல்ட் கிடையாது. வாட்ச் கூட ஸ்டீல். ஆனால் அந்த அம்மாள் நகரவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட விரலால் ரெனிட்டாவின் தோள்பையைக் காட்டினாள். அதற்குள் துப்பட்டாவில் சுற்றி பைபிள் இருந்தது. ஜிப் வைத்த அதன் உறை ஆட்டுத்தோல்.

பையை யாரும் திறக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது?

உறையை உருவிக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் அந்த அம்மாளின் பார்வை ரெனிட்டாவின் விரல்களில் சற்று நின்றுவிட்டு, பக்கத்தில் நின்ற தம்பி ஷாஜினின் பக்கம் போய், அவன் கழுத்திலும் முன்கையிலும் நிதானமாக ஊர்ந்தது. ரெனிட்டாவுக்கு அந்தப் பார்வை பழக்கமானது. செலக்‌ஷன் டேபிளில் ஜன்னல் வெளிச்சத்தில் லெதரை விரித்துப்போட்டு, எங்கே உண்ணி கடித்த தழும்பு, எங்கே முள்வேலி கீறியது என்று ஏழு வருஷமாக அவளே பார்க்கிற பார்வை அது.

ஷாஜினுக்கு இருபத்திரண்டு வயது. கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவன் பெயரை லிஸ்டில் சேர்க்கச் சொல்லி கோதண்டராமன் சாரிடம் நின்றது ரெனிட்டாதான். இரண்டு பிள்ளைகளும் ஒரே விமானத்தில் போவது அம்மா ஜெபகனிக்குப் பிடிக்கவே இல்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து நேராக ஏர்போர்ட்டுக்கு வந்தவள், ஷாஜினிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ரெனிட்டாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் வாய் சும்மா இருக்காது. நீதான் பாத்துக்கணும். எப்டி கூட்டிம்போறியோ அப்டியே கூட்டியா" என்றாள். ரெனிட்டா சரி என்று சொல்லியிருந்தாள்.

கடைசிப் படகு நாலரைக்கு.

கோயிலுக்குப் போகும் பாதை, வானத்தையே மறைத்துக்கொண்டு நின்ற தேவதாரு மரங்களுக்கு நடுவே, பாசி படிந்த படிகளாக ஏறி ஏறிப் போனது; கடல் தூரமாகிக்கொண்டே வர, ஈரமண்ணும் ஊதுவத்தியும் உப்பும் கலந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை, மெலிதாக, அவள் மட்டுமே அடையாளம் காணக்கூடிய வாசனை, தொடர்ந்து வந்தது. சுண்ணாம்புத் தொட்டியின் வாசனை. முடி கழன்று வருவதற்காகப் பச்சைத்தோலை ஊறப்போடும் தொட்டி. அஃப்ஷாவிடம் கேட்டாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. உன் மூக்குலயே ஆம்பூர் இருக்கு ரெனி, அது எங்க போனாலும் கூடவே வரும் என்று சொல்லிவிட்டு அவள் போட்டோ எடுக்கப் போய்விட்டாள்.

இறந்த தோல் உள்ளே வரக்கூடாத இடத்தில் இந்த வாசனை எதற்கு?

கோயிலுக்குப் பின்னால் ஒரு மர மண்டபம் இருந்தது. அதில் முரசு ஒன்று மட்டும். ஆள் உயரத்துக்கு மேல், ஒற்றை மரத்தைக் குடைந்தது. ஓரம் முழுக்க நெருக்கமாகக் கறுத்த ஆணிகள். வருஷத்தில் ஒருமுறை அடிப்பார்களாம், இப்போது பல வருஷமாக அடிக்கவில்லையாம் என்று கைபேசி சொன்னது. "குரல் சோர்ந்துவிட்டது" என்றது.

கோதண்டராமன் சார் அதையும் ஒரு சிரிப்புக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் ஷாஜின் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டான். ரெனிட்டா டேய் என்று சொல்வதற்குள் முரசின் தோலில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து உள்பக்கமாக அழுத்தித் தள்ளினான். ஆம்பூரில் லெதர் தொடுகிற யாரும் கேட்காமலே செய்வதுதான். நல்ல தோல் என்றால் விரலுக்கு முன்னால் மெல்லிய ரேகைகள் ஓடி மறையும். கெட்டுப்போன தோல் லூஸாகிச் சுருங்கி மடிப்பாக எழும்பி, அப்படியே நிற்கும். இது நின்றது.

"லூஸு. ரிஜெக்ட்" என்றான் ஷாஜின்.

கைபேசி அதை ஜப்பான் மொழியில் சொன்னது.

வழிகாட்டி அம்மாள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கைபேசியைக் கழுத்திலிருந்து கழற்றி, ஷாஜினிடம் நீட்டாமல், ரெனிட்டாவிடம் நீட்டினாள். அது பின்னால்தான் ரெனிட்டாவை உறுத்தியது. கம்பெனியில் ஜூனியர் ரிஜெக்ட் என்று சொன்னால் மட்டும் எதுவும் ஆகாது. சீனியர் கைவைத்துப் பார்த்துச் சொன்னால்தான் அந்த லாட் சரக்கு திரும்பிப் போகும். அந்த வழக்கம் இவளுக்கு எப்படித் தெரியும்?

"சொல்லுக்கா. இன்னா பாக்குற, கை வச்சுப் பாரு."

ரெனிட்டா கைவைத்தாள். தோல் எதிர்பார்த்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. மாடு இல்லை. எருமைக்கு மேல்தோல் ரேகை, அந்த கிரெயின், இவ்வளவு மெல்லிசாக வராது. ஆட்டுக்குத் துளைகள் வரிசை வரிசையாக இருக்கும், அதுவும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எங்கோ தினமும் பார்க்கிறதுதான். ஞாபகம் வரவில்லை. கட்டைவிரலால் தள்ளினாள். மடிப்பு எழும்பி நின்றது.

ஏழு வருஷத்தில் ஒரு லாட்டுக்கும் அவள் பொய் சொன்னதில்லை.

"ஆமா" என்றாள். "ரிஜெக்ட்தான்."

கைபேசி சொன்னது. அந்த அம்மாள் தலையசைத்து, திரும்ப ஏதோ கேட்டாள். "நீங்கள் நல்ல தோல் வைத்திருக்கிறீர்களா?" என்றது கைபேசி.

சரக்கு வாங்க வரும் பையர் எவன் கேட்டாலும் ஆம்பூர்க்காரன் வாயில் ஒரே பதில்தான். ஷாஜின் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "ஃபர்ஸ்ட் குவாலிட்டி நம்மகிட்ட இருக்கு. இதை ரிட்டர்ன் போடுங்க, ரீப்ளேஸ் பண்ணிக் குடுக்குறோம்" என்றான். கோதண்டராமன் சார் கைதட்டி, பையனைப் பேசாம மார்க்கெட்டிங்ல போட்டுட வேண்டியதுதான் என்றார்.

கைபேசி பேசி முடித்ததும் வழிகாட்டி அம்மாள் இடுப்புவரை குனிந்து வணங்கினாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. மண்டபத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டிருந்த கிழவர் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு வணங்கினார். படிக்குக் கீழே டீக்கடைப் பெண்ணும் வணங்கினாள். அவளுக்கு இங்கே பேசியது கேட்டிருக்கவே முடியாது.

மூவரும் ஷாஜினைப் பார்த்துத்தான் குனிந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை பிடித்தது. துறைக்குத் திரும்பும் வழியில் எல்லோருக்கும் ப்ளாஸ்டிக் மழைக்கோட்டு கொடுத்தார்கள். ரெனிட்டா ஷாஜினின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். எல்லாரும் பாக்குறாங்க விடுக்கா, நான் இன்னா எல்கேஜியா என்றான். பாத்ரூமுக்குப் போகவேண்டும் என்றபோது அவளும் வாசல்வரை போனாள். மூங்கில் சுவர் வைத்த சின்னக் கட்டடம். ஒரே கதவு. கூரையில் மழை தடதடத்தது.

ஐந்து நிமிஷம். பத்து.

கூப்பிட்டாள். கதவைத் தள்ளினாள். உள்ளே காலி. தரை புதிதாகக் கழுவியிருந்தது. பின்சுவரில் இன்னொரு கதவு.

அந்தச் சுண்ணாம்பு வாசனை.

படிகளில் ஏறி ஓடினாள். கோயில் வாசல் சாத்தியிருந்தது. மண்டபமும் சாத்தியிருந்தது. பலகைகளுக்கு அந்தப்புறம் யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஈரமான எதையோ இழுத்து முறுக்கும் சத்தம். பிறகு சுத்தியல். சீராக, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. கதவைத் தட்டினாள். சுத்தியல் நிற்கவில்லை. கத்தினாள். நிற்கவில்லை.

கீழே துறையிலிருந்து அஃப்ஷா கூவிக் கூப்பிட்டாள். ஷாஜின் இங்கதான் இருக்கான், நீதான் லேட்டு, படகு கிளம்புது என்றாள்.

இறங்கி வந்தாள். இருந்தான். படகில், கடைசி பெஞ்சில், மழைக்கோட்டின் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்கடா போய்த் தொலைஞ்ச என்று திட்டியபடி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சிரித்தான். பேசவில்லை.

ஷாஜினா பேசாமல் இருப்பது?

அதற்குள் கோதண்டராமன் சார் தலையை எண்ணி ஆறு என்று சொல்லிவிட்டார். துறையில் வழிகாட்டி அம்மாள் காலிக் கூடையோடு நின்றிருந்தாள். கையுறை இல்லை. கைகள் முழங்கைவரை சிவந்து, அப்போதுதான் தேய்த்துக் கழுவியதுபோல் இருந்தன.

கயிற்றை அவிழ்த்தார்கள். படகு விலகியது.

மழைச்சாரல் ரெனிட்டாவின் கைகளில் பட்டது. குளிரில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பார்த்தாள். புறங்கைத் தோலில், குறுக்கும் நெடுக்குமாக, சின்னச் சின்னக் கட்டங்கள்.

மாடு இல்லை. எருமை இல்லை. ஆடு இல்லை.

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று தெரிந்தது. பார்க்கக்கூடாது என்றும் தெரிந்தது. முன்பக்கம் அஃப்ஷா போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரோ சிரித்தார்கள்.

ஷாஜினின் கை பெஞ்சின்மேல் இருந்தது. சாரல் அதன்மேல் விழுந்தது. ஒரு மயிரும் சிலிர்க்கவில்லை. விழுந்த துளி உருளவில்லை, வழியவில்லை. உள்ளே இறங்கியது. இறங்கிய இடம் கறுத்தது.

"ஷாஜின்."

அவன் சிரித்தான்.

"டேய், அம்மாவுக்கு போன் போட்டுப் பேசுறியாடா?"

சிரித்தான்.

அவள் கை தானாகப் போனது. ஏழு வருஷப் பழக்கம். இரண்டு கட்டைவிரலையும் அவன் மணிக்கட்டில் வைத்தாள். அழுத்தினாள். தள்ளினாள்.

மடிப்பு எழும்பியது.

நின்றது.

எழுந்தாள். கம்பியைப் பிடித்தாள். படகை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். வாயில் காற்றுதான் வந்தது. துறைக்கும் படகுக்கும் நடுவே கறுப்பாகத் தண்ணீர் அகன்றுகொண்டே போனது.

அப்போது தீவில் முரசு அடித்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அருமையான ஒலி. இழுத்துக் கட்டிய, குறையே இல்லாத, இளசான தோலின் ஒலி. கோதண்டராமன் சார் ஆஹா என்றார்.

இரண்டு அடி. ஒரு நிறுத்தம். இரண்டு அடி.

முதல் அடி குட்டையாக, தொண்டையில் அடைத்ததுபோல. இரண்டாவது திறந்து, நீண்டு, தண்ணீர்மேல் அவளைத் தேடிக்கொண்டு.

அக்—கா.

அக்—கா.

பின்னால் வைக்கோல் செருப்பு உரசியது. அது அவள் பக்கத்தில் வந்து நின்றது. காற்று அதன் மழைக்கோட்டுத் தலைமூடியைப் பின்னால் தள்ளியது. நனைந்த முடி நெற்றியிலிருந்து விலகியது.

முடி தொடங்கும் இடத்தில், ஒரு காதிலிருந்து மறு காதுவரை, நெருக்கமாக, கறுத்த ஆணிகள்.

அக்—கா, என்றது தீவு.

அது சிரித்துக்கொண்டே ரெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டது.