அந்த ஈ யாருடையது?

வயது பத்துதான். ஆனால் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் அவளை எல்லோரும் 'மிளகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மாலை மிளகாய் பள்ளி விட்டு வந்தபோது, வீட்டு முன்னறையில் குடை ரிப்பேர்க்காரர் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவர் காலடியில் அம்மா எழுதிக் கொடுத்த புதுப் பெயர்ப்பலகை.

"தெருவே சிரிக்குது! நீ என்ன எழுதியிருக்கேன்னு நீயே படிச்சுப் பாரு!"

அம்மா படிக்கவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பலகை எழுதுவதுதான் அவள் பிழைப்பு; வருகிறவர்கள் எழுதித் தரும் சீட்டில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து, பூ வரைவதுபோல அப்படியே வரைவாள். ஒரு கோடு பிசகாது. இது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம்.

மிளகாய் எட்டிப் பார்த்தாள்.

'இங்கே கடை பழுது பார்க்கப்படும்.'

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"செருப்புக் கடைக்காரர் வந்து, 'என் கடைக் கதவு ஒரு வாரமா இழுக்குது, எப்ப வர்றீங்க?'ன்னு கேக்குறாரு! நான் எழுதிக் குடுத்தது குடை! பார்த்து எழுதக்கூடவா தெரியாது?"

சுவர் ஆணியில் குத்தியிருந்த சீட்டை மிளகாய் பிடுங்கி வந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே, மாமா? நீங்களே பாருங்க."

பார்த்தார். 'கடை' என்றுதான் இருந்தது. அவர் காது சிவந்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை.

"ஏதோ அவசரத்துல விட்டுட்டேன். கொஞ்சம் யோசிக்க வேணாமா? சரியான ஈயடிச்சான் காப்பி!"

"அப்படின்னா?"

"ஒரு ஆபீஸ் குமாஸ்தாகிட்ட, 'இந்த நோட்டை அப்படியே காப்பி எடு'ன்னாங்களாம். ஒரு பக்கத்துல ஈ ஒண்ணு செத்து ஒட்டியிருந்துச்சு. அவனும் ஒரு ஈயை அடிச்சு, தன் நோட்டுல அதே இடத்துல ஒட்டிட்டானாம். யோசிக்காம காப்பியடிக்கறதுக்கு அதான் பேரு. உங்கம்மா மாதிரி!"

அம்மா தலைகுனிந்தாள். மிளகாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அந்த ஈ முதல்ல யார் நோட்டுல கிடந்துச்சு, மாமா?"

"ஏன்... குடுத்தவங்க நோட்டுலதான்."

"அப்போ ஈயோட குடுத்தது நீங்க! திட்டு வாங்கறது மட்டும் எங்கம்மாவா?"

வாசலில் வேடிக்கை பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"படிக்கத் தெரிஞ்சவங்க திருத்தியிருப்பாங்க!" என்று அவர் சீறினார்.

அம்மா நிமிர்ந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதனாலதான் நீங்க எழுதினதை நம்பினேன்."

சிரிப்பு நின்றது. குடை ரிப்பேர்க்காரர் பலகையைப் பார்த்தார். முத்து முத்தான எழுத்துகள்.

"தெரியாதும்மா," என்றார் மெதுவாக. "நீங்க... இவ்வளவு அழகா எழுதறீங்களே."

'இப்பதான் "நீங்க"ன்னு மரியாதை வருதா?' என்று மிளகாய் மனதுக்குள் பொருமினாள். பொருமிக்கொண்டே சாக்பீஸை எடுத்து, 'க'வுக்கு ஒரு வளைவு போட்டுக் காட்டினாள்.

"இது மட்டும் போதும்மா."

அம்மா பிரஷ்ஷை நனைத்தாள். ஒரே இழுப்பு. கடை, குடை ஆனது.

ஈரப் பெயிண்ட் கலையாமல் பலகையைத் தாங்கிக்கொண்டு அவர் போன பிறகும், மிளகாய்க்குக் கோபம் ஆறவில்லை.

"இனிமே யார் சீட்டு குடுத்தாலும், அவங்களையே சத்தமாப் படிக்கச் சொல்லும்மா!"

மறுநாள் சாவி செய்பவர் ஒரு சீட்டை நீட்டினார்.

"படிச்சுக் காட்டுங்க," என்றாள் அம்மா.

"நானா? எதுக்கு?"

"நீங்கதான்," என்றாள் மிளகாய், இடுப்பில் கைவைத்து.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இரண்டாவது வார்த்தையில் சட்டென்று நின்றார். பிறகு மிளகாயின் முகத்தைப் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.