ஃபிரிட்ஜ் மூலைக்கு ஒரு ஆள் தேவை

சிரித்தது தப்புதான். ஆனால் பனிப்பள்ளத்தில் மூக்கைச் செருகிக்கொண்டு ஒரு பச்சைக் கார் கிடக்கிறது... அதன் பின்பக்கத்தில் 'அரிசோனாக்காரருக்கே என் ஓட்டு' என்று ஸ்டிக்கர் வேறு. ஜனாதிபதித் தேர்தலில் நிற்கத் துடிக்கும் ஜார்ஜியாவின் கடலை விவசாயிக்காக ஊரெல்லாம் கதவு தட்டித் தொண்டை கட்டிப்போன ரஸ்ஸல் கொலார் வேறு என்னதான் செய்வான்? பிக்கப் வண்டியை நிறுத்தாமல், ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டே கடந்து போனான்.

சாலையோரத்துச் சிவப்புக் களஞ்சியம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தான்... பார்த்திருக்கக் கூடாது. முழங்கால் வரை பனியில், மஞ்சள் கம்பளித் தொப்பி போட்ட ஒருத்தி விரலை ஆட்டி ஆட்டிக் காரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாலை வெளிச்சத்தில் அந்தத் தொப்பி மட்டும் சூரியகாந்தி மாதிரி...

வண்டி தானாகத் திரும்பியது. அப்படித்தான் பிற்பாடு அவன் சொல்லிக்கொண்டான்.

"சங்கிலி இருக்கா?" என்றாள் அவள். வணக்கம்கூட இல்லை.

"பன்றித் தீவனம் விக்கிறவன்கிட்ட சங்கிலி இல்லாம இருக்குமா?"

"தீவனத்துக்கும் சங்கிலிக்கும் என்னங்க சம்பந்தம்?"

அவனுக்கும் தெரியவில்லை. அவள் கண்களைப் பார்த்தபடி பேசினால் இப்படித்தான் ஏதாவது வரும் போலிருந்தது. சாம்பல் நிறக் கண்கள்... பனி கொட்டப் போகும் வானத்தின் நிறம். இமையில் ஒரு துளி பனி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

கார் மேலே ஏறியதும் அவள் கையுறையைத் தட்டிக்கொண்டு கேட்டாள். "உங்க வண்டி முன்னாடி கடலைக்காரர் படம் இருக்கு. என் ஸ்டிக்கரைப் பாக்கலையா?"

"எந்த ஸ்டிக்கர்?" என்றான் ரஸ்ஸல், குழந்தை முகத்தோடு. "நமக்கு அதெல்லாம் கிடையாதுங்க. யாருக்கு ஒரு ஆபத்துன்னாலும் பாத்த உடனே நிறுத்திடுவேன். என் சுபாவம் அப்படி."

அந்தச் சாம்பல் கண்களில் ஏதோ ஒன்று சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டது.

"ஓ... பாத்த உடனே."

'நன்றி' என்று ஒரு சொல்லை அவன் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். கரையேற்றியவனை இப்படி முறைப்பார்களா? ரஸ்ஸலுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதவரைக்கும் ஆண்பிள்ளைக்கு நிம்மதிதான்.

வெல்மா அத்தை வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த நிம்மதியும் போனது. மஞ்சள் தொப்பி, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

அயோவாவில் ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேடும் வேலை இப்படித்தான், ஜனவரிக் குளிரில், யார் வீட்டு ஹாலிலாவது தொடங்கும். ஓட்டுச் சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, ரகசியம் அறவே கிடையாது. நமக்குப் பிடித்தவருக்கென்று ஒதுக்கிய மூலையில், அக்கம்பக்கம் அத்தனையும் பார்க்க, போய் நிற்க வேண்டும். ஒரு மூலையில் மூன்று பேராவது தேறாவிட்டால் அந்த மூலை கலைந்துவிடும்.

அன்று பெரிய கூட்டம் சாப்பாட்டு மேஜை மூலையில். அது 'யாருக்கும் இல்லை' மூலை. ஒரு ஜனாதிபதி தன் பொய்யெல்லாம் ஒலிநாடாவில் அகப்பட்டு, பதவியை விட்டு ஹெலிகாப்டர் ஏறிப் போய் ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. யாரையும் நம்பும் எண்ணம் ஊருக்கு இல்லை. பட்டை மணக்கும் பன் தட்டு அந்த மேஜையில் இருந்ததும் ஒரு காரணம்.

பியானோ மூலை கடலைக்காரருக்கு. அங்கே வெல்மா அத்தையும் ரஸ்ஸலும்... இரண்டே பேர். ஃபிரிட்ஜ் மூலை அரிசோனாக்காரருக்கு. அங்கே அவளும், நின்றபடியே தூங்கும் பழைய தபால்காரர் ஆஸ்கரும். அங்கேயும் இரண்டே பேர்.

"பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்த பாண்டு வாத்திய டீச்சர்டா. மார்லிஸ் ஹால்வர்சன்" என்று அத்தை அவன் காதைக் கடித்தாள். "நமக்கு ஒரே ஒரு ஆள்தான் குறையுது. போய் அந்தப் பொண்ணை இழுத்துட்டு வா."

"ஏற்கெனவே ஒரு தடவை இழுத்தாச்சு அத்தை."

"என்னது?"

"ஒண்ணுமில்ல... போறேன்."

ஹாலின் நடுவே, பூப்போட்ட கம்பளத்தில் அவனும் அவளும் எதிரெதிரே வந்து நின்றார்கள். அவளும் ஆள் பிடிக்கத்தான் புறப்பட்டிருந்தாள்.

"எங்க ஆளு பக்கம் வந்துடுங்க டீச்சர். 'உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்'னு வாக்குக் குடுத்திருக்காரு."

"அவரு குடுத்திருக்காரு, சரி..." மார்லிஸ் அவனை நேராகப் பார்த்தாள். "அவருக்கு ஆள் பிடிக்கிறவங்க?"

ரஸ்ஸலின் காது மடல் சுட்டது. தெரிந்திருக்குமோ? சேச்சே... எப்படித் தெரியும்?

"எங்க ஆளு மேடைல தன்னையே கிண்டல் பண்ணிக்குவாரு" என்றாள் அவள். "தன்னைப் பாத்துச் சிரிக்கத் தெரிஞ்சவரு, அடுத்தவங்க பேச்சை ஒட்டுக்கேட்டு நாடாவுல பிடிச்சு வைக்க மாட்டாரு. எனக்கு அது போதும்."

"அப்போ... நான் உங்க மூலைக்கு வந்துடவா?"

"என்னைப் பாத்தா பாவமா இருக்கா? வேண்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை என்னைக் கரையேத்துனா போதும்."

விறுவிறுவென்று ஃபிரிட்ஜ் பக்கம் போய்விட்டாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்!" என்று அத்தை கைமணியை ஆட்டினாள். மார்லிஸ் மெதுவாகக் கோட்டைக் கையில் எடுத்தாள். மூலை கலைந்தால் போய்விடுவாள். சின்ன ஊர், தினமும் பார்க்கலாம்தான்... கடையில், தெருவில், பள்ளி வாசலில். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த 'ஓ'வோடுதான் பார்ப்பாள். ஆயுசு முழுக்க அந்த 'ஓ'வா?

ரஸ்ஸல் பியானோவில் நாலு விரலை ஒன்றாக அழுத்தினான். ஹால் திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம்... நான் இந்த மூலைல நிக்க லாயக்கில்ல. பொய் சொல்ல மாட்டேங்கிறவர் மூலை இது. நான் சாயங்காலம்தான் ஒரு பொய் சொன்னேன்."

"அடப்பாவி..." என்றாள் அத்தை.

"ஒரு கார் பள்ளத்துல கிடந்துச்சு. பாத்த உடனே நிறுத்துனேன்னு சொன்னேன். நிறுத்தல. ஸ்டிக்கரைப் பாத்தேன். சிரிச்சேன். கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சுட்டே சிவப்புக் களஞ்சியம் வரைக்கும் போனேன். கண்ணாடில அந்த மஞ்சத் தொப்பியைப் பாத்தப்புறம்தான் திரும்புனேன். தொப்பி வேற கலரா இருந்திருந்தா நேரா வந்து பன் தின்னுருப்பேன். இதுல 'என் சுபாவம் அப்படி'ன்னு பேச்சு வேற..."

மேஜை மூலை விழுந்து விழுந்து சிரித்தது. ஆஸ்கர்கூட விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமலே சிரித்தார். ரஸ்ஸலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது... தன்னைப் பார்த்துத்தான். அது புதிதாக இருந்தது. சுகமாகவும் இருந்தது.

அந்தச் சிரிப்போடே ஹாலைக் குறுக்காகக் கடந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நின்றான்.

"துரோகி! உனக்குப் பன் கிடையாது!" என்று பியானோ மூலையிலிருந்து அத்தை கத்தினாள்.

மார்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாவம் பாத்தா வந்தீங்க?"

"இல்லீங்க. தன்னைப் பாத்துச் சிரிக்கிற ஆளு எதுக்கு வேணும்னு சொன்னீங்கல்ல... இப்பத்தான் புரிஞ்சுது. ஓட்டு அவருக்குத்தான். சத்தியமா."

மூன்று பேர். மூலை நின்றுவிட்டது. மார்ச் மாத மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும் உரிமையும் கிடைத்தது.

"டீச்சர் பிரதிநிதி. இவன் துணைக்கு" என்று ஆஸ்கர் ஒரே மூச்சில் முன்மொழிந்தார். "மார்ச்சுல ரெண்டு பேரும் ஒரே வண்டில போங்க. பெட்ரோல் விக்கிற விலைல..." என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனார்.

வெளியே பனி பூப்பூவாக இறங்கிக்கொண்டிருந்தது. ரஸ்ஸல் "வரேங்க டீச்சர்..." என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வண்டியை நோக்கி நடந்தான். முட்டாள்... முட்டாள்... இவ்வளவுதானா சொல்லத் தெரிந்தது?

"நான் பாத்தேன்" என்றது பின்னால் ஒரு குரல்.

"எதை?"

"நீங்க சிரிச்சுட்டே போனதை. களஞ்சியம் வரைக்கும் உங்க வண்டி விளக்கையே பாத்துட்டு நின்னேன்... திரும்ப மாட்டானான்னு."

"ஆனா... நீங்க காரைத் திட்டிட்டு இருந்தீங்களே!"

"காரையா? காரு என்ன பண்ணுச்சு? உங்களைத்தான் திட்டினேன்!"

அவள் பக்கத்தில் வந்தாள். இமையில் மறுபடி ஒரு துளி பனி...

"அப்பவே உங்களைப் பிடிச்சுப்போச்சு. திரும்பி வந்தீங்கல்ல, அதுல. உடனே ஒரு பொய்யைச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்தீங்க."

"மார்லிஸ்... எனக்கும்... அதாவது... மார்ச் மாசம் ரொம்பத் தள்ளி இருக்கு."

"அதுக்குத்தான் இப்பவே கூப்பிட்டேன்" என்று அவள் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் மாட்டி, காது வரை இழுத்துவிட்டாள். "தடவைக்குத் தடவை களஞ்சியம் வரைக்கும் போய்த்தான் திரும்பணுமா? வீட்டு வாசல்லயே திரும்பக் கத்துக்கோங்க."