பேனாவைக் கீழே வைத்தால்

கனகாவின் கையில் இன்று வளையல் இல்லை.

மனிஷா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.எஸ்ஸி. படிக்கும் மூவரும் வீடியோ காலில் சேர்ந்து அல்ஜீப்ரா வீட்டுப்பாடம் போடும்போது யார் முகமும் தெரியாது. மேஜை விளக்கின் கழுத்தில் போனைக் கட்டி, கேமராவை நோட்டின் மேல் கவிழ்த்துவிடுவார்கள். திரையில் மூன்று கட்டங்கள், மூன்று கைகள். கணக்கில் மாட்டிக்கொண்டவர் வாயைத் திறக்க வேண்டாம். பேனாவைக் கீழே வைத்தால் போதும், தெரிந்தவர் உதவிக்கு வருவார். அதுதான் வழக்கம்.

விஜயநகரில் மனிஷா தங்கியிருந்தது ஒரு மாடி அறை. கீழ் வீட்டுக்காரர்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருந்தார்கள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்ய, தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தும் ஈரத் துணியின் வாடை அறைக்குள் வந்து நின்றது.

நாலாவது கணக்கில் மனிஷா பேனாவை வைத்தாள்.

"எனக்கும் கொத்தில்ல கணே," என்று கன்னடத்தில் கைவிரித்தான் சக்தி. "கனகா மேடம், நீங்கதான் காப்பாத்தணும். என்ன, இன்னிக்கு மௌன விரதமா?"

கனகாவின் கட்டத்தில் பேனா ஓடியது. வரி வரியாக, ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

மனிஷா பார்த்து எழுதினாள். முதல் தேர்வில் ஏற்கெனவே ஃபெயில். இன்று இதை அனுப்பாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். "இந்த வாட்டியும் போச்சுன்னா நம்ம ராமாபுரம் கடையில வந்து உக்காரு" என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால், அந்தக் கையின் தோல் வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் வெளுத்துச் சுருங்கியிருந்ததைப் பார்த்தும் எழுதினாள். நகத்திலிருந்து ஒரு சொட்டு நீர் தாளில் விழுந்ததைப் பார்த்தும் எழுதினாள்.

"ஏய் மனிஷா." சக்தியின் குரல் மாறியிருந்தது. "கனகா இப்பதான் மெசேஜ் போட்டா. இன்னும் கொள்ளேகால் பஸ்லயே இருக்காளாம். நம்மள ஆரம்பிக்கச் சொல்றா."

"அப்ப இது யாரு?"

"அவ வீட்ல யாராச்சுமா இருக்கும்."

"அவ வீட்ல யாருக்குடா அல்ஜீப்ரா தெரியும்?"

அந்தக் கை நின்றது. கேட்பதுபோல.

மனிஷா திரையருகே குனிந்தாள். அந்த நோட்டுக்கு அடியில் ஒரு மேஜை விரிப்பு. நீலப் பூக்கள். இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு.

மனிஷாவுடைய விரிப்பு. அவள் சுட்ட தழும்பு. ஆனால் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் தலைகீழாக.

விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால், மேஜையின் மறுமுனை இருட்டு. அவள் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை. கையை நீட்டி விளக்கை அணைத்தாள்.

திரையில் அவள் கட்டம் கறுத்தது. கனகாவின் கட்டமும் கறுத்தது.

"மனிஷா? ரெண்டும் ஏன் ஒண்ணா அணைஞ்சுது? மனிஷா!"

பேனா கீறும் சத்தம். போனில் இல்லை. எதிரே.

அவள் விரல்களிலிருந்து பேனா நழுவி நோட்டில் விழுந்தது.

கீறல் நின்றது.

பேனாவைக் கீழே வைத்தாயிற்று.

நாற்காலி நகர்ந்தது. ஈரக் காலடி. மேஜையைச் சுற்றி. அவளுக்குப் பின்னால்.

குளிர்ந்த கை ஒன்று அவள் கையை மெல்ல எடுத்தது. விரல்களுக்கிடையே பேனாவை வைத்தது. மூடிப் பிடித்தது.

விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது.