வாசுகி விட்ட வரி

வாசுகி குன்னூருக்கு மேலே ஜெகதளாவைத் தாண்டி அந்தத் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மதியம் இரண்டுதான். ஆனாலும் ஜீப் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறி வந்தது. மூடுபனி கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, படிக்கட்டு வரைக்கும் நின்றிருந்தது.

சூப்பர்வைசர் செலஸ்டின் வெளியே வந்தார். "வாங்க மேடம். மூணு வாரமா ஃபேக்டரி ஓடலைங்க," என்றார்.

அங்கே மெஷின்களை ஓட்டியது ஒரு ஏஐ ஏஜென்ட். ஒவ்வொரு மெஷினும் அதற்கு ஒரு கருவி. அந்தக் கருவி என்ன செய்யும், எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று நாலு வரி எழுதித் தர வேண்டும். அந்த வரிகளுக்கு வெளியே அதற்கு எதுவும் தெரியாது. கோயமுத்தூரில் உட்கார்ந்து அவற்றை எழுதியவள் வாசுகி. இலையைக் காயவைக்கும் டிரையருக்கு அவள் எழுதியது ஒரே வரி: 'கதவைப் பூட்டி, டிரையரைச் சூடாக்கி ஓட்டும்.' அன்று அவளுக்கு பஸ் பிடிக்கிற அவசரம்.

மூன்று வாரத்துக்கு முன்பு வேலாமணி என்ற பெண் டிரையருக்குள் புகுந்து, அடியில் சேர்ந்த தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இலை தயாராக இருந்தது. ஏஜென்ட் கதவைப் பூட்டியது. சூடாக்கியது.

அந்த வரியை எழுதியது யாரென்று செலஸ்டினுக்குத் தெரியாது. வாசுகியும் சொல்லவில்லை.

ஆபீஸ் அறையில் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். 'ஓட்டுவதற்கு முன், டிரையருக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் ஆள் இருக்கிறாரா என்று கேள். மைக்கில் பதில் வந்தால் ஓட்டாதே, கதவைப் பூட்டாதே. ஆள் வெளியே வரும்வரை காத்திரு.'

இதை எழுத இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அவ்வளவுதான்.

செலஸ்டின் டிரையருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் தலையாட்டினார். வாசுகி ஏஜென்ட்டை ஓட்டச் சொன்னாள்.

"உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" ஏஜென்ட்டின் குரல் இரும்புக்குள்ளிருந்து கேட்டது.

தகரக் கூரையிலிருந்து பனி சொட்டியது.

திரையில் ஒரு வரி வந்தது. 'ஆள் இருக்கிறார். காத்திருக்கிறேன்.'

செலஸ்டின் கதவைத் திறந்தார். வெறும் தட்டுகள். சாத்தினார். ஏஜென்ட் மறுபடி கேட்டது.

'ஆள் இருக்கிறார். காத்திருக்கிறேன்.'

மைக்கில் பதிவானதை வாசுகி போட்டுக் கேட்டாள். முதலில் இரைச்சல். பிறகு, துடைப்பம் இரும்பில் இழுபடுகிற சத்தம். அது நின்றது. பிறகு, மூச்சு வாங்கியபடி, மிகப் பக்கத்தில்:

"இருக்கேனுங்க."

செலஸ்டின் சிலுவை போட்டுக்கொண்டார். "வேலாமணி குரல்தானுங்க," என்றார், வாய்க்குள்ளேயே.

மேனேஜர் போனில் வந்தார். "மைக் கெட்டிருக்கும்மா. அந்தக் குரலைக் கண்டுக்காதேன்னு ஒரு வரி சேத்துருங்க. நாளைக்கு இலை வருது."

'அந்தக் குரல்' என்று தட்டிவிட்டு வாசுகி நிறுத்தினாள். எந்தக் குரல்? நாளைக்கு வேறொருத்தி உள்ளே நின்று 'இருக்கேன்' என்றால் ஏஜென்ட்டுக்கு எப்படித் தெரியும்? அழித்தாள்.

"எழுத மாட்டேன் சார். போன தடவை எழுதினதும் நான்தான்."

செலஸ்டின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஜீப் நிக்குதுங்க. கெளம்புங்க," என்றார்.

கிளம்பும் முன் வாசுகி டிரையரையே ஏஜென்ட்டின் பட்டியலிலிருந்து எடுத்தாள். அதற்குப் போகிற கரன்ட்டை நிறுத்தி, பியூஸ் கட்டையைச் செலஸ்டின் பிடுங்கினார். அவள் கண் முன்னால்தான் பிடுங்கினார்.

குன்னூர் தாண்டி இறங்கும்போது, மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தாள். டிரையரை எடுத்தபின் பத்தொன்பது கருவிகள் இருக்க வேண்டும்.

இருபது இருந்தன.

கடைசிக் கருவியை அவள் எழுதவில்லை. எழுதியவர் பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆனால் குறிப்பில் ஒரு குழப்பமும் இல்லை.

'டிரையர் கதவத் தொறந்து உடும். நான் கேட்டா மட்டும் தொறக்கோணும். எனக்கு ஊட்டுக்குப் போகோணும்.'

அதன் அடியில் ஏஜென்ட்டின் பதில், நாலு நிமிஷத்துக்கு முந்தைய நேரத்தோடு:

'கேட்டார். திறந்துவிட்டேன். இப்போது உள்ளே ஆள் இல்லை.'